துரத்துபவர் இல்லாத ஓட்டம்

ஹாருகி முரகாமி 1996 ஜூன் 23 அன்று ஜப்பானின் ஹொக்கைடோ தீவில், சரோமா ஏரியோரம் நடக்கும் 100 கிலோமீட்டர் ஓட்டத்தில் கலந்துகொண்டார். ஓடி முடிக்க 11 மணி 42 நிமிடம் ஆனது. ஓட்டத்தைப் பற்றி 2007இல் அவர் வெளியிட்ட நினைவுக்குறிப்பு நூலில் இந்த ஒரு நாளுக்குத் தனி அத்தியாயம் உண்டு. நூலின் தலைப்பை ரேமண்ட் கார்வரின் கதைத் தலைப்பிலிருந்து கொஞ்சம் மாற்றி எடுத்துக்கொண்டவர், அந்த அத்தியாயத்தை யாரிடமிருந்தும் எடுத்துக்கொள்ளவில்லை. நூலின் மற்ற பகுதிகள் இதமானவை, சில இடங்களில் சலிப்பானவை. இந்த அத்தியாயம் மட்டும் வேறு சரக்கு.

55ஆவது கிலோமீட்டரில் ஓய்விடம். துணி மாற்றுகிறார். பாதம் வீங்கியிருப்பதால் அரை அளவு பெரிய சப்பாத்துக்கு மாறுகிறார். அதற்குப் பிறகு 75 வரையிலான 20 கிலோமீட்டர்தான் அத்தியாயத்தின் உயிர். அங்கே ஒன்றும் நடப்பதில்லை. வலி இருக்கிறது, சாலை இருக்கிறது, தானொரு மனிதனல்ல வெறும் இயந்திரம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் ஒரு நாற்பத்தேழு வயது ஆண் இருக்கிறார். 75ஐத் தாண்டியதும் ஏதோ ஒரு சுவரைக் கடந்து வந்ததுபோல வலி வேறொன்றாக மாறிவிடுகிறது. ஓடி முடித்த பிறகு நெடுங்காலம் அவருக்கு ஓடவே பிடிக்காமல் போகிறது. சாதனைக் கதை எழுதுபவர் இந்தக் கடைசிச் செய்தியை மறைத்திருப்பார். முரகாமி மறைக்கவில்லை.

கெடாவில் வளர்ந்த ஒருவர் இந்த அத்தியாயத்தை வாசித்தால் சட்டென ஓர் ஒப்புமை மனதில் ஓடும். காலை நான்கு மணிக்கு எழும் மனிதர். தினமும் ஒரே வேலை. ஒரே பாதை. உடலை இயந்திரமாக்கிக்கொள்ளுதல். அட, இது எங்க அம்மா கதைதானே! இன்று சுங்கைப்பட்டாணியிலும் கூலிமிலும் நெடுந்தூரம் ஓடும் நம் பிள்ளைகள் சிலர் சமூக ஊடகத்தில் இப்படித்தான் எழுதுகிறார்கள்: பால் வெட்டிய அம்மாதான் எங்கள் வீட்டின் முதல் அல்ட்ரா மாரத்தான் வீராங்கனை. விருப்பக்குறிகள் குவிகின்றன. எனக்கு இந்த வாக்கியம் பிடிப்பதில்லை. அன்பினால் எழுதப்பட்டதுதான். ஆனால் அன்பு ஒரு பொய்யைச் சொல்ல வைத்துவிடுகிறது.

பெரட்டுக்கு நின்று பெயர் கொடுத்துவிட்டு இருட்டில் தன் நிரைக்குப் போகும் பெண்ணுக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 400 முதல் 600 மரங்கள். சூரியன் ஏறுவதற்குள் சீவி முடிக்க வேண்டும். விடியலில் மரத்தின் பால்குழாய்களில் அழுத்தம் அதிகம், வெயில் ஏறினால் ஓட்டம் குறையும். மரத்தின் பாதிச் சுற்றளவுக்குச் சுமார் 30 பாகைச் சரிவில் பட்டையைச் சீவ வேண்டும். ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம், மண்டோர் கத்துவார். ஆழம் குறைந்தால் பால் இல்லை. பிறகு அதே நிரையில் திரும்ப நடந்து மங்குகளிலிருந்து பாலைச் சேகரித்து, காண்டாவில் வாளிகளைத் தொங்கவிட்டு ஸ்டோருக்குச் சுமக்க வேண்டும். இதில் தூரம் பெரிதல்ல. 500 மரங்கள் ஒரு ஹெக்டருக்குச் சற்று அதிகமான நிலத்துக்குள் அடங்கிவிடும். குனிவதும் நிமிர்வதும்தான் வேலை. வருடக்கணக்காக. இது மாரத்தானே அல்ல. மாரத்தானில் முடிவுக்கோடு உண்டு. பதக்கத்தை வாங்கிக்கொண்டு, அடுத்த வருஷம் வரமாட்டேன் என்று சொல்லும் உரிமை உண்டு.

தேர்ந்துகொண்ட களைப்பையும் சுமத்தப்பட்ட களைப்பையும் ஒரே சொல்லால் குறிப்பது, சுமத்தியவர்களை விடுவித்துவிடுகிறது. அம்மாவை வீராங்கனை ஆக்கினால் தோட்ட நிர்வாகம் போட்டி ஏற்பாட்டாளர் ஆகிவிடும். அதனால்தான் அந்த வாக்கியம் எனக்கு உறுத்துகிறது.

ஆனாலும் பிள்ளைகள் ஓடுகிறார்கள். அந்த ஓட்டத்துக்கு நம் மொழியில் என்ன பெயர், நம் புனைவில் என்ன இடம் என்பதுதான் என் கேள்வி.

முதலில் சொல்லைப் பார்ப்போம். தோட்டத்துத் தமிழில் ‘ஓடுதல்’ நல்ல சொல் இல்லை. ‘ஓடிட்டான்’ என்றால் கடன் வைத்து ஓடிவிட்டான், இல்லை பெண்ணைக் கூட்டிக்கொண்டு ஓடிவிட்டான். அதற்கும் அடியில் பழைய பொருள் ஒன்று கிடக்கிறது. ஒப்பந்தக் கூலிமுறை மலாயாவில் 1910இல் முடிவுக்கு வரும்வரை, ஒப்பந்தக் காலம் முடியும் முன் தோட்டத்தை விட்டுப் போவது தண்டனைக்குரிய குற்றம். நம் தோட்டங்களின் முதல் நெடுந்தூர ஓட்டக்காரன் தப்பியோடிய கூலிதான். அவனுக்கு நேரக்கணக்கு இல்லை. பிடிபட்ட இடமே முடிவுக்கோடு. இன்றும் விடிகாலையில் யாராவது ஓடினால், ஐந்தடியில் உட்கார்ந்து தே தாரிக் குடிக்கும் பெரியவர் ஒருவர் கேட்பார்: “ஏண்டா தம்பி, போலீசு தொரத்துதா?” நகைச்சுவைதான். ஆனால் துரத்த ஒருவர் இல்லாமல் ஒரு மனிதன் ஏன் ஓட வேண்டும் என்ற உண்மையான குழப்பமும் அதில் உண்டு.

இந்தக் கேள்விக்கு அருகில் வந்த கதை ஒன்று இங்கிலாந்தில் எழுதப்பட்டது. ஆலன் சில்லிட்டோவின் 1959ஆம் ஆண்டுக் கதையில், சீர்திருத்தப் பள்ளியில் அடைபட்ட தொழிலாளர் வர்க்கப் பையன் ஸ்மித் நெடுந்தூரம் ஓடப் பழக்கப்படுகிறான். உறைபனி விழுந்த விடியலில், தனியாக, வெறும் வயிற்றில் ஓடும் அந்தப் பயிற்சி நேரம்தான் அவனுக்குக் கிடைக்கும் ஒரே விடுதலை. போட்டி நாளில் முன்னணியில் வந்தவன் முடிவுக்கோட்டுக்கு முன்னால் வேண்டுமென்றே நின்றுவிடுகிறான். கோப்பை நிறுவனத் தலைவருக்குப் போய்ச்சேரும் என்று அவனுக்குத் தெரியும். முரகாமிக்கு இந்தப் பிரச்சினை கிடையாது. அவர் தன் ஜாஸ் மதுக்கூடத்தை விற்றுவிட்டு முழுநேர எழுத்தாளராகி, முப்பத்து மூன்று வயதில் ஓடத் தொடங்கியவர். அவர் காலைப் பொழுதுக்கு வேறு முதலாளி இல்லை. நம்மவர்களுடைய நிலை இருவருக்கும் நடுவில். ஸ்மித்தின் வர்க்கம், முரகாமியின் சப்பாத்து.

இப்போது குளிர்காலத்துக்கு வருவோம். மேற்கில் நெடுந்தூர ஓட்டம் பற்றிய எழுத்தில் குளிர்காலப் பயிற்சி ஒரு புனிதச் சடங்கு. ஏப்ரலில் பாஸ்டன் ஓட வேண்டுமென்றால் ஜனவரி, பிப்ரவரியில் பனியில் ஓடியாக வேண்டும். முரகாமி கேம்பிரிட்ஜில் வாழ்ந்தபோது ஓடிய சார்லஸ் ஆறு குளிர் முற்றினால் உறைந்துவிடும். யாரும் பார்க்காத மாதங்களில் சேர்த்துவைத்த கிலோமீட்டர்கள் வெயில் வந்தபின் வெளியே தெரியும் என்பது அந்த எழுத்தின் நம்பிக்கை.

கெடாவுக்கும் ஒரு குளிர்காலம் உண்டு, குளிர்தான் இல்லை. ஜனவரியிலிருந்து மார்ச் வரை இங்கே வறட்சி. அப்போதுதான் ரப்பர் மரம் இலையுதிர்க்கும். வெள்ளைக்காரத் துரைமார் தங்கள் ஊர் ஞாபகத்தில் அதைக் குளிர்காலம் என்றே அழைத்தார்கள். தோட்டப் புத்தகங்களில் இன்றும் அந்தச் சொல்தான். காடு மொட்டையாகி, நிழலே இல்லாமல், காலடியில் சருகு நொறுங்கும். செம்புநிறத் தளிர் வரும்வரை பால் குறையும். சில இடங்களில் வெட்டை நிறுத்தி மரத்துக்கு ஓய்வு கொடுப்பார்கள். மரத்துக்கு ஓய்வு என்றால் மனிதருக்குக் கூலி குறைவு என்று பொருள். பக்கத்துப் பெர்லிஸ் மாநிலத்தின் சுப்பிங்கில் 1998 ஏப்ரல் 9 அன்று 40.1 பாகை செல்சியஸ் பதிவானது. மலேசியாவில் பதிவான உச்ச வெப்பம் அது. வடக்கின் வெயிலுக்கு அது ஓர் அளவுகோல்.

ஆக, கெடாவில் நெடுந்தூரம் ஓடுபவரின் குளிர்காலப் பயிற்சி என்பது வெயில் பயிற்சி. உடல் வெப்பத்துக்குப் பழக ஏறக்குறைய 10 முதல் 14 நாள் பிடிக்கும். இரத்தத்தின் நீர்ப்பகுதி பெருகும், வேர்வை சீக்கிரம் தொடங்கும், வேர்வையில் போகும் உப்பு குறையும். தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்தாலும் ஆபத்துதான். இரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய் ஓட்டக்காரர் மயங்கி விழுவார். பாலுக்கு நிற்கும் தாய்மார்கள் வெறுங்கோப்பியும் உப்புப் பிஸ்கட்டும் எடுத்துக்கொண்டு போனதை நினைத்துக்கொள்கிறேன். சரி, இந்த ஒப்புமைக்குள் மறுபடி விழக் கூடாது.

அன்றாடம் என்று பார்த்தால், தோட்டம் துண்டாடப்பட்டுத் தாமான்களும் மலிவுவிலை அடுக்குமாடிகளும் எழுந்த சுங்கைப்பட்டாணியில் ஓடுபவர் முரகாமிபோல எழுதி முடித்துவிட்டு ஓடப் போவதில்லை. 12 மணிநேர ஷிப்டு. பகல் ஷிப்டா இரவு ஷிப்டா என்பதைப் பொறுத்து ஓட்டம் அதிகாலைக்கோ நள்ளிரவுக்கோ நகரும். ரப்பர் இருந்த இடத்தில் செம்பனை. ஊர் நாய்கள். பெண் என்றால் தனியாக ஓட வீட்டில் விடமாட்டார்கள், அண்ணனோ தம்பியோ மோட்டாரில் பின்னால் வர வேண்டும். விடுமுறை நாளில் 1,217 மீட்டர் உயர ஜெராய் மலை இருக்கிறது. குரூண் பக்கத்திலிருந்து வளைந்து வளைந்து ஏறும் தார்ச்சாலை. பாதி ஏறியதும் கீழே மெர்போக் ஆறும் நெல்வயலும் கடலும் தெரியும். சோழர் கல்வெட்டு கடாரம் என்றழைத்த நிலத்தைக் கொஞ்சம் மூச்சுவாங்கியபடி பார்க்கலாம்.

இந்த மனிதர் நம் புனைவில் எங்கே?

பீடோங்கில் பிறந்த கே.எஸ். மணியம் ஆங்கிலத்தில் எழுதிய நாவல், 1981இல் வெளிவந்த ‘தி ரிட்டர்ன்’. அதில் பெரியாத்தாய் மூன்று பையன்களோடு எங்கிருந்தோ நடந்து வந்து சேர்கிறாள். அந்த வருகையின் சித்திரம் கெடாவைப் பற்றிய எழுத்துகளில் எனக்கு மிகப் பிடித்தது. அவள் மகன் நிலத்தின்மீதான வெறியில் அழிகிறான். பேரன் ரவி ஆங்கிலக் கல்வி வழியாக வெளியேறுகிறான். சீ. முத்துசாமியின் ‘மண்புழுக்கள்’ நாவலின் தலைப்பிலேயே உடல் மண்ணோடு ஒட்டிக் கிடக்கிறது. ம. நவீனின் ‘பேய்ச்சி’ லூனாஸ் வட்டாரத்தில் நச்சுச் சாராயம் குடித்தவர்கள் இறந்த துயரத்தைத் தொடுகிறது. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ இரண்டும் 415 கிலோமீட்டர் ரயில்பாதைக்காகப் பிடித்துப் போகப்பட்டவர்களின் கதை. காட்டு வழியே முகாம் முகாமாக நடத்திச் செல்லப்பட்ட உடல்கள் அவை.

இவை எல்லாம் நல்ல படைப்புகள், சில மிக நல்லவை. ஆனால் நான் வாசித்தவரை நம் எழுத்தில் உடலுக்கு இரண்டே விதிகள்தான். ஒன்று, வேலையாலும் குடியாலும் நோயாலும் சிதைவது. இரண்டு, படித்துத் தப்பித்து உடலையே மறந்துவிடுவது. தன் உடலைத் தானே எடுத்து ஏதாவது செய்து பார்க்கும் பாத்திரம் எனக்குக் கிடைக்கவில்லை. திரும்பத் திரும்பச் செய்தலைத் தண்டனையாக மட்டுமே எழுதப் பழகிவிட்டோம். பட்டையை மயிரிழை ஆழத்தில் சீவும் கையின் தேர்ச்சியைக்கூட நாம் போதுமான அளவு எழுதவில்லை. துயரத்தின் சாட்சியாக நிற்க வேண்டும் என்ற அவசரத்தில் திறமை கண்ணில் படாமல் போய்விட்டது.

வரலாற்றில் அப்படி யாரும் இல்லையா என்றால், இருந்தார்கள். போர் முடிந்த பிறகு பீடோங் ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ.எம். சாமி தலைமையில் தொண்டர் படை உருவானது. வேலை முடிந்த இளைஞர்கள் சீருடையில் அணிவகுத்துப் பயிற்சி செய்தார்கள், கள்ளுக்கடைகளை மறித்தார்கள். நாள் முழுக்க உழைத்த உடல் மாலையில் தன் விருப்பத்துக்குக் கூடுதலாகக் களைத்தது. நிர்வாகங்களைக் கலங்கடித்ததும் அதுதான் என்று நினைக்கிறேன். கூலி கேட்கும் உடலை அவர்களுக்குத் தெரியும், பயிற்சி செய்யும் உடலைத் தெரியாது. 1947இல் கெடாத் தோட்டங்களில் போலீசுடன் மோதல், கைது, சாவு என்று அது முடிந்தது.

‘காவடி இல்லையா, அது நாமே தேர்ந்துகொண்ட வலிதானே’ என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். ஆனால் காவடிக்கு நேர்த்திக்கடன் உண்டு, குழந்தை பிழைத்தது, வேலை கிடைத்தது என்று காரணம் உண்டு, பார்த்துக்கொள்ள முருகன் உண்டு. தொண்டர் படைக்கு இலட்சியம் உண்டு. விடிகாலை மூன்று மணிக்கு 50 கிலோமீட்டர் ஓடக் கிளம்பும் பெண்ணிடம் இவை ஒன்றுமே இல்லை. “எதுக்கும்மா ஓடுற?” என்று அம்மா கேட்டால் பதில் வராது. எனக்கு அந்தப் பதிலின்மைதான் முக்கியம். பயன் இல்லாத காரியத்தில் களைப்பதற்கு ஒரு தோட்டத்துப் பிள்ளைக்கு உரிமை உண்டா? மூன்று தலைமுறை உடல் கணக்குப் புத்தகத்தில் நிறைக்கும் எடைக்குமாக இருந்த வீட்டில் இது சின்னக் கேள்வி இல்லை.

50 கிலோமீட்டர் என்றதும் ஒரு பெயர் நினைவுக்கு வர வேண்டும். கோவிந்தசாமி சரவணன். 1998 செப்டம்பரில் கோலாலம்பூர் காமன்வெல்த் விளையாட்டில் 50 கிலோமீட்டர் நடையோட்டத்தில் தங்கம், 4 மணி 10 நிமிடம் 5 விநாடி. இரண்டாம், மூன்றாம் இடங்களில் ஆஸ்திரேலியர்கள். 42.195 கிலோமீட்டர் மாரத்தானைவிட நீளம், அதனால் தூரக் கணக்கில் அல்ட்ராவே. பள்ளிப் புதிர்ப்போட்டியில் அவர் பெயரைக் கேட்பார்கள். கதையில் கேட்டதில்லை. நடையோட்டத்தின் விதி விசித்திரமானது: ஒரு பாதமாவது எப்போதும் தரையில் இருக்க வேண்டும், முன்வைத்த கால் தரையைத் தொட்டதிலிருந்து உடலுக்கு நேர்க்கீழே வரும்வரை முழங்கால் மடங்கக் கூடாது. வழியெங்கும் நடுவர்கள் குனிந்து முழங்காலைப் பார்ப்பார்கள். களைப்பு ஒரு பக்கம், கண்காணிப்பு ஒரு பக்கம். வெட்டின் ஆழத்தைப் பார்க்கும் மண்டோர் ஞாபகத்துக்கு வராத தமிழ் வாசகர் இருப்பாரா?

இங்கே முரகாமியோடு எனக்கு ஒரு சண்டை உண்டு. நூல் முழுக்க அவர் பெருமைப்படுவது ஒன்றில்தான், எவ்வளவு வலித்தாலும் தான் நடக்கவில்லை என்பதில். கல்லறையிலும் அந்தப் பொருளில்தான் எழுதப்பட வேண்டும் என்கிறார். சரோமாவில் பலர் நடந்தபோதும் அவர் ஓடிக்கொண்டே இருந்தார். அழகான பிடிவாதம். ஆனால் நடை அவருக்குத் தோல்வியாகத் தெரிவது, நடந்தே வந்து சேர்ந்த பாட்டி ஒருத்தி அவர் கதையில் இல்லாததால்தான். சரவணனின் ஆட்டத்தில் ஓடினால்தான் குற்றம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். முரகாமியின் நூலில் பணம் ஏறக்குறைய வருவதே இல்லை. அவர் ஓடும் நேரத்தில் வேறு யார் என்ன வேலை செய்துகொண்டிருந்தார்கள் என்ற கேள்வியும் வருவதில்லை. தனிமை அங்கே இயல்பாகக் கிடைக்கும் பொருள். லயத்து வீட்டில் ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு குடும்பத்தின் இருமல் கேட்டு வளர்ந்தவருக்குத் தனிமையே முதல் பரிசு. ஓட்டம் அதற்கப்புறம்தான்.

ஒரு தகவலுக்காகச் சொல்கிறேன், 50 கிலோமீட்டர் நடையோட்டம் ஒலிம்பிக்கில் கடைசியாக நடந்தது தோக்கியோ 2020இல். வெப்பத்துக்குப் பயந்து அதைச் சப்போரோவுக்கு மாற்றினார்கள். சப்போரோ இருப்பதும் சரோமா இருக்கும் அதே ஹொக்கைடோவில்தான்.

தோட்டமும் நெடுந்தூர ஓட்டமும் முகத்துக்கு முகம் சந்தித்த இடம் ஒன்றும் உண்டு, நம் கண்ணுக்குத் தூரமாக. தென்னாப்பிரிக்காவின் காம்ரேட்ஸ் ஓட்டம் 1921 மே 24 அன்று தொடங்கியது. பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் டர்பனுக்கும் இடையே ஏறக்குறைய 90 கிலோமீட்டர். 1860 முதல் தமிழர்கள் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்ட நேட்டால் மண் அது. 1975வரை வெள்ளை ஆண்கள் மட்டுமே அதிகாரபூர்வமாக ஓட முடிந்தது. 1935இல் ராபர்ட் ம்ட்ஷாலி என்ற கறுப்பினத்தவர் அனுமதி இல்லாமல் ஓடி முடித்தார். அவர் ஓடியதற்கும் அதிகாரபூர்வக் கதவு திறந்ததற்கும் இடையே 40 ஆண்டுகள். இன்று நேரம் முடியும்போது அதிகாரி ஓட்டக்காரர்களுக்கு முதுகு காட்டி நின்று துப்பாக்கியால் சுடுவார். கோட்டுக்கு ஒரு மீட்டர் முன்னால் இருப்பவரின் முகத்தைப் பார்த்தால் இரக்கம் வந்துவிடும் என்பதால்.

எனக்கு வாசிக்கக் கிடைக்க வேண்டிய கதையை யார் எழுதப்போகிறார் என்று தெரியவில்லை. எழுதுபவர் அதை வெற்றிக் கதையாக்கினால் கெட்டுவிடும். அம்மாவின் வாளியை மகளின் பதக்கத்துக்கு அடியில் வைத்தாலும் கெட்டுவிடும். பிப்ரவரி மாதம், மிச்சமிருக்கும் ஏதோ ஒரு சிறுதோட்டத்தின் மொட்டை ரப்பர் மரங்களுக்கு நடுவே அவள் ஓட வேண்டும். சருகுச் சத்தம் இருக்கட்டும். கறுத்த கால்நகம் இருக்கட்டும், அதை அம்மா பார்த்துவிட்டு “வேல செஞ்சு போனா பரவால்ல, இப்படியா” என்று முனகட்டும். பிறகு 55க்கும் 75க்கும் இடையே ஒன்றுமே நடக்காத அந்த 20 கிலோமீட்டர். அதைத் தாங்கிப் பிடிக்கும் வாக்கியங்கள் நம்மிடம் இருக்கின்றனவா என்பது எழுதிப் பார்த்தால்தான் தெரியும். அதுவரை அவள் மறுபடி மறுபடி அலாரத்தை மூன்று மணிக்கு வைத்துக்கொண்டிருப்பாள், ஷிப்டு இல்லாத நாளிலும்.